அடித்தார்களாம்

"நீங்க பாத்தனீங்களோ, இல்லாட்டி ஆராச்சும் சொல்லிக் கேட்டனீங்களோ?"

மொழிபெயர்க்க வந்திருந்த அம்மா இதை இரண்டாம் முறையாகக் கேட்டார். இலங்கைத் தமிழ். குரலில் அவசரமில்லை. கையில் பென்சில், முன்னால் நீண்ட மஞ்சள் தாள்.

அது மீன்வளத் துறை விருந்தினர் விடுதியின் மாடி அறை. மேசை மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. வியர்வையில் என் முழங்கை அதில் ஒட்டிக்கொண்டு, அசைக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. எதிரே மூன்று வெளிநாட்டவர்கள். கீழே முற்றத்தில் மாசிக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. மின்விசிறி அந்த வாடையைச் சுற்றிச் சுற்றி அறைக்குள் இறைத்தது.

நான் அப்போதுதான் சொன்ன வாக்கியம் அந்தத் தாளில் இருந்தது. 'போலீஸ்காரர்கள் ஹசனைப் படகுத்துறையில் வைத்து அடித்தார்களாம்.'

கடைசியில் இருந்த 'ஆம்' மேல் பென்சில் முனை நின்றது. எழுதவும் இல்லை, அடிக்கவும் இல்லை. என் பதிலுக்காக நின்றது.

ஒரு கார்டு

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். இந்தத் தொடரில் தீவுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஐந்தாறு வாரமாக எழுதிவருகிறேன். பிள்ளைகளின் கையெழுத்து, தேங்காய்ப்பால் ஊற்றிய சூரைமீன் குழம்பு, பவளக்கல் சுவர் எல்லாம் வந்தாயிற்று. வாசகர் கேட்கிறார்: 'இவ்வளவு பிடித்த இடத்தை விட்டு ஒப்பந்தம் முடியும் முன்பே ஏன் திரும்பி வந்தீர்கள்? அங்கே ஏதோ பிரச்சினை நடந்ததாமே?'

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் நான் ஊரில் சொல்லிவந்த காரணம். சபையிலும் கல்யாண வீடுகளிலும் எத்தனையோ வருடமாக அதையே சொல்லி, கடைசியில் எனக்கே வயிறு சரியில்லாத மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது.

இனிமேல் அதைச் சொல்லத் தெம்பில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆட்கள்

அந்த நாட்டின் பெயரை எழுதப் போவதில்லை. நான் எழுதப் போகிறவர்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் கொடி பறந்த தீவுக்கூட்டம் என்பது போதும்.

அங்கே ஆசிரியர்கள் பற்றாக்குறை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பி.எட். முடித்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் போனோம். எங்கள் தீவில் நானும் செல்வராஜும். நான் ஆங்கிலம், அவர் இயற்பியல். அவருக்கு மார்த்தாண்டத்துக்கு மேற்கே வீடு. பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பாட்டுப் பாடுகிற மாதிரி பேசுவார். நாஞ்சில் நாட்டு வயல்காட்டுக்காரனான நான் அதைக் கிண்டல் செய்வேன். "ஒங்க தமிழ் மட்டும் என்ன, வரப்புல இருந்து வழுக்கி விழுந்தது போலல்லியா இருக்கு" என்பார்.

ஹசன் அந்தத் தீவுக்காரன். வரலாற்று ஆசிரியன். என்னைவிடப் பத்து வயது இளையவன். எங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் பேச்சு. அதைத் தமிழில் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடச் சுவரில் அவன் ஒரு பலகை மாட்டியிருந்தான். வாரம் ஒரு கேள்வி எழுதி ஒட்டுவான். பதில் எழுதமாட்டான். 'நம் தீவில் ஏன் மழைநீரை மட்டும் குடிக்கிறோம்?' என்று ஒரு வாரம் இருக்கும். 'நம் பாட்டன்கள் எந்த மொழியில் வரி கட்டினார்கள்?' என்று இன்னொரு வாரம். மீன் பிடித்துவிட்டு வருகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுப் போவார்கள்.

ஒரு வாரம் அவன் எழுதினான்: 'நோயாளிகளை ஏற்றிப்போக நமக்கு வெளிநாடு கொடுத்த படகு எங்கே?'

படகு எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு பெரிய மனிதரின் உல்லாசத் தீவில் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் பிரசவ வலியில் ஒரு பெண் சாதாரணத் தோணியில் போய், நடுக்கடலில் இறந்திருந்தாள்.

"இதை எடுத்துவிடு ஹசன்" என்றேன்.

அவன் பூகோளப் படப்புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்துக் காட்டினான். வெள்ளைக்காரர்கள் கொடியை இறக்கிய நாளில் போட்ட ஒப்பந்தத்தின் நகல். பேசவும் எழுதவும் கூடவும் உள்ள உரிமைகளுக்குப் பங்கம் வந்தால், முன்னாள் ஆட்சி நாடும், அதன் கீழ் இருந்த நாடுகளின் சங்கமும் ஆள் அனுப்பி விசாரிக்கும் என்று அதில் ஒரு பிரிவு.

"கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் தாஸ் சார். வந்துதான் ஆகவேண்டும்."

"காகிதம் நீந்தி வராது ஹசன்" என்றேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமான பேச்சாகத் தெரிந்தது.

குடை

எங்கள் பக்கத்தில் குடை வாங்கினால் பெயர் எழுதாமல் வெளியே எடுக்கமாட்டோம். ஆராதனை முடிந்து வாசலில் அறுபது கறுப்புக் குடை சாய்ந்திருக்கும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? நான் தீவுக்குப் புறப்பட்டபோது என் மனைவி கிரேஸ், நாகர்கோவிலில் வாங்கிய நீளக் குடையின் ஓரத்தில் வெள்ளை நூலால் தமிழில் 'ஞா. தாஸ்' என்று தைத்துக் கொடுத்தாள். ஞானதாஸ் என்பதன் சுருக்கம்.

அன்று வாரச் சாமான் படகு வருகிற நாள். நான் துறைக்கு வெங்காயம் வாங்கப் போயிருந்தேன். நல்ல மழை பெய்து ஓய்ந்து, மறுபடி தூறத் தொடங்கியிருந்தது. ஹசன் நனைந்துகொண்டு வந்தான். தபால் பை வந்திருக்கிறதா என்று படகில் பார்க்க வேண்டுமாம். என் குடையை வாங்கிக்கொண்டு போனான்.

படகிலிருந்து சாமானுக்கு முன்பாக ஆறு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

ஹசன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகுலுக்குவதற்காகக் கையை நீட்டினான். அது அவர்கள் ஊர் வழக்கம். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. குடை கீழே விழுந்து விரிந்தது. ஒருவன் அதன் மேல் ஏறி மிதித்தான். கம்பிகளும் துணியும் பிய்ந்து தனியாகப் போய்விட்டன. வளைந்த பிடியோடு இரும்புத் தண்டு மட்டும் மிஞ்சியது. அதைக் குனிந்து எடுத்து, அதனாலேயே அடித்தான்.

நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். நின்றேன் என்று எழுதக்கூடாது. வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் குத்தவைத்து இருந்தேன். ஈரச் சாக்கின் வாடை மூக்கில் ஏறியது. இன்றைக்கும் வடசேரிச் சந்தையில் வெங்காய மண்டிப் பக்கம் போகமாட்டேன்.

அவனைப் படகில் ஏற்றினார்கள். தண்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். துணி துறையிலேயே கிடந்தது. அந்தத் துணியைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டும்.

ஒரு வாரத்தில் குற்றச்சாட்டு வந்தது. ஆசிரியர் ஹசன் இரும்புக் கம்பியால் காவலரைத் தாக்கினார். சாட்சிப் பொருள், வளைந்த பிடியுள்ள இரும்புக் கம்பி ஒன்று.

அறிஞ்சூடா

ஹசன் சொன்னதே நடந்தது. ஏழெட்டு மாதம் கழித்து, கையெழுத்துப் போட்டவர்கள் வந்தார்கள். மூன்று பேர். ஆப்பிரிக்க நாடொன்றின் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், அவர்தான் தலைவர். கரீபியன் தீவிலிருந்து ஒரு பெண் வழக்கறிஞர். பழைய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர்.

சிறையில் ஹசனைப் பார்த்திருக்கிறார்கள். அவன் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். தாஸ் சார் அங்கே இருந்தார், அவர் வெளிநாட்டவர், பொய் சொல்ல அவருக்குக் காரணமில்லை, அவரைக் கேளுங்கள் என்று. குடை யாருடையது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. தன் குடை என்றே சொன்னான். என் குடை என்றால் என்னையும் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கிறான்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் செல்வராஜ் வீட்டுக்கு வந்தார்.

"சாறே, ஒரே சொல்லுதான். அறிஞ்சூடா. கேட்டா, அறிஞ்சூடா. மறுபடி கேட்டா, அறிஞ்சூடா. மூணாவது கேட்டா, வயித்து வலின்னு எழும்பிப் போயிரும்."

"நான் கண்டேன் செல்வராஜ்."

"கண்டது கண்ணோட இருக்கட்டும். வாயிக்கு எதுக்கு எடுத்துக் குடுக்கிய?"

அவர் ஊரில் 'தெரியாது' என்பதற்கு அறிஞ்சூடா என்பார்கள். அறிந்துகூடா. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைக் கவனித்தேன். தெரியாது என்றும் இருக்கிறது, தெரிந்திருக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

கிரேஸ் அடுக்களை வாசலில் நின்றாள். அந்த மாதம்தான் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. மகள் ஜெஸிக்கு ஏழு வயது.

"நீங்க ஒண்ணும் பொய் சொல்லண்டாம்" என்றாள். "கண்டத சொல்லாம இருந்தா போரும். பிள்ளய நெனச்சுப் பாருங்க."

நான் பிள்ளையை நினைத்தேன். அல்லது, பிள்ளையை நினைப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சபைப் பதிவேடு

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் ஒரு பழைய பதிவேடு இருக்கிறது. கறையான் தின்றது போக மிச்சம். கல்லூரியில் படிக்கும்போது அதைப் படியெடுக்கிற வேலையைப் போதகர் எனக்குக் கொடுத்தார். திருவிதாங்கூர் ராஜாவின் காலம். எங்கள் பெண்கள் தோளில் சீலை போடக்கூடாது என்று இருந்த காலம். போட்டவர்களைச் சந்தையில் வைத்துக் கிழித்து அடித்தார்கள்.

மிஷன் துரைமார் சென்னைக்கும் சீமைக்கும் காகிதம் எழுதினார்கள். அங்கிருந்து ராஜாவுக்குக் காகிதம் வந்தது. கடைசியில் சீலை தோளில் ஏறியது. துரைமார் எல்லாம் நல்லவர்கள் என்று சொல்லவரவில்லை. அவர்களுக்கும் கணக்குகள் இருந்தன. எங்கள் சனங்கள் வாங்கிய அடிதான் முதல், காகிதமெல்லாம் பிறகுதான். ஆனாலும் வெளியே இருந்த ஒருவன் கேட்டான் என்பது உண்மை.

எதை வைத்துக் கேட்டான்? அந்தப் பதிவேட்டில் இருந்ததை வைத்துத்தான். அதில் ஒரு பக்கம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பெண் தன் அண்டைவீட்டுக்காரியைச் சந்தையில் அடித்ததைச் சொல்கிறாள். யார் அடித்தது, எந்த மரத்தடியில், சீலை என்ன நிறம். கடைசியில் 'கண்டேன்' என்று இருக்கிறது. கீழே கைநாட்டு. எழுதத் தெரியாதவள் போட்ட கோணல் கீறல்.

அவளுக்குப் புருஷனும் பிள்ளைகளும் குடிசையும் இருந்திருக்கும். மறுநாள் அதே சந்தைக்குத்தான் அவள் போயிருக்க வேண்டும்.

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம்.

மறுபடி அந்த அறை

"நீங்கள் ஆங்கில ஆசிரியராயிற்றே, ஆங்கிலத்திலேயே பேசலாமா?" என்று நீதிபதி கேட்டார்.

"தாய்மொழியில் என்றால் துல்லியமாகச் சொல்வேன்" என்றேன்.

"நியாயம்" என்று தலையை அசைத்தார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது. காலனி ஆட்சியில் பிறந்து வளர்ந்த மனிதர். தாய்மொழி என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்தார். நான் அந்த மரியாதைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

ஏனென்றால் முந்தின நாள் படுக்கையில் கிடந்து யோசித்திருந்தேன். ஆங்கிலத்தில் சொன்னால் ஒன்று நான் கண்டேன் என்று சொல்ல வேண்டும், அல்லது இன்னார் சொல்லிக் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். யார் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. வினைச்சொல்லின் வாலில் ஓர் 'ஆம்' ஒட்டினால் போதும். தனியாக நின்றால் 'ஆம்' என்பது ஒப்புக்கொள்வது. வாலில் ஒட்டிக்கொண்டால் கை கழுவுவது. யார் கண்டது, யார் சொன்னது, ஒன்றும் வேண்டாம். வந்தார்களாம். அடித்தார்களாம். கொண்டுபோனார்களாம். பொய்யும் இல்லை. சாட்சியும் இல்லை.

ஆனால் அந்த இலங்கைக்கார அம்மா நான் எதிர்பார்க்காதவர். மொழிபெயர்ப்பதற்கு முன்னால் பென்சிலை நிறுத்திவிட்டார்.

"சேர், பாத்தனீங்களோ, கேட்டனீங்களோ? ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ. நான் அதை அவையளுக்குச் சொல்லவேணும்."

முழங்கையை விரிப்பிலிருந்து பிரித்தேன். சத்தம் கேட்டது.

"பேசிக்கிட்டாங்க" என்றேன்.

"ஆர்?"

"ஊர்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி, ஊரில் அப்படிப் பேசிக்கொண்டதாகச் சாட்சி சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சுத்தமான மொழிபெயர்ப்பு. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

வெள்ளைக்கார அதிகாரி ஒரு புகைப்படத்தை நகர்த்தினார். வளைந்த பிடி, இரும்புத் தண்டு. பிடியில் ஓர் இடத்தில் அரக்கு உரிந்திருந்தது. நாகர்கோவில் பஸ் நிலையத்தில் நான் தரையில் ஊன்றி ஊன்றி உரிந்த அரக்கு.

"இது என்ன என்று தெரிகிறதா?"

"கம்பி மாதிரி இருக்கிறது" என்றேன்.

பெண் வழக்கறிஞர் பேனாவை மூடினார். 'டக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான் விசாரணை. அட்டைப்பெட்டியில் உறிஞ்சுகுழல் போட்ட மாம்பழச் சாறு ஒன்றை எனக்குக் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிக் குடித்தேன்.

படியிறங்கும்போது அந்த அம்மா பின்னாலேயே வந்தார்.

"சேர், உங்கட 'ஆம்' எல்லாத்தையும் அப்பிடியே போட்டிருக்கிறன். ஒண்டும் விடேல்லை." கோபமாகச் சொல்லவில்லை. அலுத்துப்போன குரல். "எங்கட ஊரிலயும் உப்பிடித்தான். எல்லாரும் 'ஆம்' எண்டுதான் சொல்லுவினம். பிறகு உலகம் ஒண்டும் செய்யேல்லை எண்டு அழுவினம்."

அறிக்கை வந்தது. சங்கம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. நேரில் கண்ட சுயேச்சையான சாட்சி எவரும் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. ஹசனுக்குச் சிறை. பிறகு, ஆட்கள் அதிகம் இல்லாத ஒரு தெற்குத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவனுடைய பெண் குழந்தைக்கு அப்போது நடக்கத் தெரியாது.

என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பலகை தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போக வேண்டும். நான்கு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

திருவனந்தபுரம்

சில மாதங்களுக்கு முன் ஒரு போன். "ஞானதாஸ் சாரா? நான் நஸீமா. ஹசனின் மகள்."

அந்தத் தீவுக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம்தான் வருவார்கள். ஹசனுக்கு இருதய அறுவை. அடுத்த வாரம் வைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

நஸீமா நேராக விஷயத்துக்கு வந்தாள். ஆட்சி மாறியிருக்கிறது. பழைய தீர்ப்புகளை மறுபடி பார்க்கச் சொல்லி, அதே சங்கத்தின் சட்டக் குழுவிடம் கேட்டிருக்கிறார்கள். மனுக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. கண்ட சாட்சி வேண்டும். "குற்றவாளி என்ற பெயரோடு என் அப்பா சாகக் கூடாது சார். உங்கள் நம்பரைத் தேட எனக்கு இரண்டு வருடம் ஆனது."

கிரேஸ் பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"ஜெஸி அங்க இருக்காளே" என்றாள்.

ஆமாம். என் மகள் இப்போது அதே நாட்டில், வேறொரு தீவில் கணக்கு டீச்சர். அதே மாதிரி ஒப்பந்தம். அதே மாதிரி வருடா வருடம் புதுப்பிக்கிற பயம். கடவுள் சில நேரம் ஒரே கேள்வித்தாளைத்தான் மறுபடி கொடுக்கிறார்.

ஜெஸிக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, எழுதணும்னா எழுதுங்க. என்ன ஒரு சாக்கா மட்டும் பிடிக்காதிய. அன்னைக்கி எனக்கு ஏழு வயசு, ஒண்ணும் சொல்ல முடியல. இப்ப முப்பத்தஞ்சு ஆச்சு."

"ஒன்ன திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"

"வந்து ஒங்க ரெண்டு பேரு கூடயும் சண்ட போட்டுக்கிட்டு கெடக்கேன். போன வைங்க, கிளாஸ் இருக்கு."

நான் மேசையில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதிவிட்டுப் பார்த்தால், தாக்கப்பட்டதாகத் தோன்றியது என்று எழுதியிருக்கிறேன். கை அதுவாகவே எழுதியிருக்கிறது. கிழித்துப் போட்டேன். தமிழில் எழுதினேன். வினைச்சொல் ஒவ்வொன்றையும் வால் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். வயதுக்கு வந்த ஆள் செய்கிற வேலையா அது? அன்றைக்கு எனக்கு அது பெரிய வேலையாக இருந்தது. பிறகு நானே அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, நாகர்கோவிலில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை பாசஞ்சர் வண்டியில் திருவனந்தபுரம் போனேன்.

துணி

ஹசன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடி முழுக்க வெள்ளை. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

"தாஸ் சார். கிழவனாகிவிட்டீர்கள்."

"நீ மட்டும்?"

சிரித்தான். சிரிப்பு மாறவில்லை. "உங்கள் குடையை இன்னும் திருப்பித் தரவில்லை. கோர்ட்டில் இருக்கிறது."

நஸீமா நாற்காலி போட்டாள். காகிதத்தைக் கொடுத்தேன். அவள் சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"மூட்டைக்கு அடியில் உங்கள் செருப்பைப் பார்த்தேன்" என்றான். "நீலப்பட்டை ரப்பர் செருப்பு. அதனால்தான் உங்கள் பெயரைச் சொன்னேன். நீங்கள் வருவீர்கள் என்று ஏழெட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன்."



"இன்னும் ஒன்று இருக்கிறது ஹசன். காகிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறேன். நஸீமா அந்த இடத்துக்கு வரும் முன்னால் நானே சொல்கிறேன்."

அவர்கள் படகில் போனதும் நான் எழுந்து, துறையில் கிடந்த குடைத் துணியையும் கம்பிகளையும் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஓரத்தில் வெள்ளை நூலில் என் பெயர் இருந்தது. தீவின் பின்பக்கம் போய், பவளக்கல் ஒன்றை வைத்துக் கட்டிக் கடலில் எறிந்தேன். அந்தத் துணி இருந்திருந்தால், கம்பி என்பது குடை என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். கிரேஸுக்குக்கூட இதை நான் சொன்னதில்லை. குடை காற்றில் போய்விட்டது என்றுதான் சொன்னேன்.

ஹசன் கண்ணைத் திறக்கவில்லை.

"வக்கீலிடம் அந்தத் துணியைத் தேடச் சொன்னேன்" என்றான். "ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சொன்னேன். கடலோரம் கேளுங்கள், பிள்ளைகள் எடுத்து விளையாடியிருப்பார்கள் என்று. கடைசியில் என் மனைவியே கேட்டாள், உண்மையிலேயே அது குடைதானா என்று."

நஸீமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டான். குடித்துவிட்டு, "தமிழில் எழுதியதைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றான்.

இருந்தது. சட்டைப் பையில்.

"வாசியுங்கள்."

"உனக்குப் புரியாதே."

"அன்றைக்கும் தமிழில்தான் சொன்னீர்கள். நான் அங்கே இல்லை. இப்போது சத்தமாவது கேட்கிறேன்."

வாசித்தேன். பக்கத்துக் கட்டில் மலையாளிக் கிழவர் ஒருவர் மட்டும் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்சம் புரிந்திருக்கும். கடைசிச் சொல் அவருடைய மொழியிலும் கிட்டத்தட்ட அதேதான்.

பதில்

அறுவை நன்றாக முடிந்தது. ஹசன் ஊர் திரும்பிவிட்டான். போன மாதம் சங்கத்தின் சட்டக் குழுவிலிருந்து பதில் வந்தது. நஸீமா அனுப்பியிருந்தாள்.

மரியாதையான கடிதம். சாட்சியின் பிரமாணப் பத்திரம் பெறப்பட்டது. ஆனால் இதே சாட்சி முன்பு குழுவின் முன் நேரில் கொடுத்த வாக்குமூலம் இதற்கு மாறாக இருக்கிறது. அவர் குறிப்பிடும் துணி கிடைக்கக்கூடியதாக இல்லை. ஆகவே இப்போதைய வாக்குமூலத்துக்குக் குறைந்த அளவு மதிப்பே கொடுக்க முடிகிறது. தீர்ப்பு நிற்கிறது. குழு தன் கவலையை மறுபடி பதிவு செய்கிறது.

அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று முறை வாசித்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பத்திரிகைகளில் வாசிக்கிறேன். சர்வதேச சமூகம் கண்ணை மூடிக்கொண்டது, கையெழுத்துப் போட்டவர்கள் கைவிட்டார்கள் என்று எழுதுகிறார்கள். பல இடங்களில் அது உண்மையாக இருக்கும். எனக்கு மட்டும் அதைச் சொல்ல வாயில்லை. அவர்கள் கடல் தாண்டி வந்தார்கள். என் எதிரே உட்கார்ந்தார்கள். என் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து, இரண்டு முறை கேட்டார்கள்.

நஸீமா கடிதத்தோடு ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள். 'உங்கள் தமிழ்க் காகிதத்தை அப்பா பூகோளப் படப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.' ஏன் என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெஸியின் ஒப்பந்தம் அடுத்த மாதம் வருகிறது. என்ன ஆகும் என்று தெரியவில்லை. துணியைக் கடலில் எறிந்ததைக் கிரேஸிடமும் சொல்லிவிட்டேன். புதுக்குடை வாங்கினால் பெயர் தைக்க என்னிடம் தராதிய என்று மட்டும் சொன்னாள்.

தக்கலை வாசகருக்கு. அங்கே ஏதோ நடந்ததாமே என்று கேட்டிருந்தீர்கள். நடந்தது. நான் கண்டேன்.